எரிந்த காட்டில் குஞ்சு வளர்க்கும் பறவை

வீட்டு வான்கோழியை அறியாதவர் நம் வாசகர்களில் மிகச் சிலரே இருப்பர். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில் அது சந்தைக்கு வருகின்றது. சிறுவர் சூழ்ந்து நின்று சீண்டுகின்றனர். அதுவும் சிறகுகளைத் தாழ்த்தி, வாலை விசிறிபோல் விரித்து, உடலைச் சிலிர்த்துக்கொண்டு கத்துகின்றது. பருத்த உடல், மந்தமான நடை, உயரப் பறக்க இயலாத சிறகு என்றே நாம் அதனைப் பற்றி எண்ணிப் பழகியிருக்கின்றோம். இத்திங்கள் நாம் காணவிருப்பது அதன் காட்டு உறவினை. இரண்டும் ஒரே இனம்தான். ஆயினும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் உறவு சொல்ல மனம் வராது.

காட்டு வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. மெக்சிகோவின் பழங்குடி மக்களே அதனைப் பழக்கி வீட்டுப் பறவையாக்கினர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அது உலகெங்கும் பரவிற்று. மனிதனிடம் பழகாமல் காட்டிலேயே தங்கிவிட்டவை ஒடுங்கிய உடலும், நீண்ட கால்களும், கூரிய பார்வையும் கொண்டவை. சேவல் 7 முதல் 10 கிலோ வரை எடையிருக்கும். பெட்டையின் எடை அதில் ஏறக்குறைய பாதி. இத்தனை எடையையும் தூக்கிக்கொண்டு அந்திவேளையில் உயர்ந்த மரத்தின் கிளைக்குப் பறந்து சென்று அடைகின்றது. ஆபத்து வந்தால் குறுந்தொலைவுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலும் பறக்க வல்லது. எனினும் பகலில் அதற்குப் பிடித்தமானது நடையே. ஓடி மறைய இயலும்போது அது பறப்பதில்லை.

இப்பறவையின் வாழ்க்கை நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்புகின்றது. காட்டைக் காப்பது என்றால் என்ன? மரத்தை வெட்டாமலும், தீ அணுகாமலும் பார்த்துக்கொண்டால் போதும், காடு தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் என்றே நம்மில் பலரும் மறுமொழி கூறுவோம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அப்படி எண்ணியே ஒரு தலைமுறை கழிந்தது. அவ்வெண்ணத்தின் விளைவைத் தாங்க நேர்ந்த உயிரினங்களுள் வான்கோழியும் ஒன்று.

ஐரோப்பியர் குடியேறுமுன், வர்ஜீனியா தொடங்கி டெக்சாஸ் வரையிலான கடலோரச் சமவெளிகளில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர் பரப்பில் நீளிலைப் பைன் மரங்கள் ஓங்கி நின்றன. அடர்ந்த காடு என்று அதனை எண்ணிவிடக் கூடாது. மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி. கிளைகளின் ஊடே வெயில் தரையைத் தொடும். தரை முழுவதும் கம்பிபோல் மெல்லிய புல்லும், அவரைக் குடும்பத்துச் சிறு செடிகளும், பல நிறப் பூக்களும் நிறைந்திருக்கும். இத்தகைய காட்டில் ஒரே ஒரு சதுர மீட்டர் தரையில் 40 வகைச் செடிகள் வரை எண்ணப்பட்டதுண்டு. இத்தனைக்கும் காரணம் தீ. மின்னல் விழுந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புல் எரியும். பழங்குடி மக்களும் தம் தேவைக்காக எரிப்பர். அத்தீ மரத்தின் உச்சிக்கு ஏறாது. முழங்கால் உயரத்தில் தரையோடு ஊர்ந்து செல்லும். நீளிலைப் பைனின் பட்டை தடித்தது. தீ அதனை ஒன்றும் செய்வதில்லை. அதன் கன்றோ முதற் சில ஆண்டுகள் ஒரு புற்கற்றை போலவே தரையோடு அமர்ந்திருக்கும். நீண்ட ஊசியிலைகள் சுற்றி நின்று நடுவிலுள்ள குருத்தைக் காக்க, வேர் ஆழமாக இறங்கும். பின்னர் ஒருநாள் விரைந்து எழுந்து தீயின் எட்டுக்கு மேலே தலை தூக்கிவிடும். தீயோடு வாழப் பழகிய மரம் என்பது அதற்குப் பொருத்தமான பெயர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. எஞ்சியதைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, தீயே காட்டின் முதற்பகை என்னும் பிரசாரம் எழுந்தது. 1928ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகள், அமெரிக்க வனவியல் சங்கத்தார் திரைப்படக் கருவிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஜார்ஜியா, புளோரிடா, மிசிசிப்பி மாநிலங்களின் சிற்றூர்களுக்கெல்லாம் சென்றனர். தீ மூட்டாதீர் என்பதே அவர்கள் காட்டிய படங்களின் செய்தி. பல இடங்களில் தீ நின்றது. நின்ற சில ஆண்டுகளிலேயே பைன் மரங்களுக்கிடையே ஓக் முதலிய அகன்ற இலை மரங்களின் புதர்கள் எழுந்தன. புதர் நிழல் தர, புல் மடிந்தது. புல் மடிய, அதில் வாழ்ந்த பூச்சிகள் குறைந்தன. வெளியார் பார்வைக்கு அது முன்னிலும் பசுமையான காடு. வான்கோழிக்கோ அது பகைவன் பதுங்கும் இருட்டு.

இதனை முதலில் ஐயமறக் கண்டு எழுதியவர்களுள் ஹெர்பர்ட் ஸ்டாடர்டு குறிப்பிடத்தக்கவர். இளமையில் புளோரிடாவில் வளர்ந்தபோது, மாடு மேய்ப்போர் புதுப்புல்லுக்காகப் பைன் காட்டில் தீயிடுவதை நேரில் பார்த்தவர். 1924ஆம் ஆண்டில், ஜார்ஜியாவின் தாமஸ்வில் நகருக்கும் புளோரிடாவின் தலஹாசிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் காடைகள் ஏன் குறைகின்றன என்று ஆராய அவர் அமர்த்தப்பட்டார். வடபகுதிச் செல்வர்கள் வேட்டைக்கென வாங்கி வைத்திருந்த பெருநிலங்கள் அவை. தீயை நிறுத்தியதே காடைகளின் குறைவுக்குப் பெருங்காரணம் என்று அவர் கண்டார். 1931இல் வெளிவந்த தம் நூலில் இதனைச் சொல்வது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. தீயைப் பற்றிய அதிகாரத்தை, வனத்துறையாரின் எதிர்ப்பினால், பலமுறை திருத்தி எழுத நேர்ந்தது. 1958இல் தலஹாசிக்கு அருகே டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. காடையில் தொடங்கிய அவரது சிந்தனை வான்கோழிக்கும் நீண்டது. 1963இல் இப்பறவையைப் பேணும் முறை பற்றித் தனியே ஒரு வெளியீடு எழுதினார்.

தீக்கும் வான்கோழிக்கும் என்ன உறவு என்பதை அறிய, ஒரு பெட்டையின் ஓராண்டைத் தொடர்ந்து பார்ப்பதே நல்லது. இன்று ஆய்வாளர்கள் அவ்வாறே செய்கின்றனர். பறவையை வலையில் பிடித்து, 100 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள சிறு கருவியை முதுகில் பை மாட்டுவது போல் மாட்டி விட்டுவிடுகின்றனர். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களின் துணையால், அது எந்த நேரத்தில் எங்கிருந்தது என்பதைக் கருவி குறித்துக்கொள்கின்றது. பெட்டை பல நாள்கள் ஒரே இடத்தில் அசையாதிருந்தால், அடைகாக்கின்றது என்று அறிகின்றனர். அருகே சென்று அதனை அஞ்சி எழச் செய்யும் வழக்கம் இதனால் குறைந்துவிட்டது.

மாரிக்காலத்தில் பறவைகள் கூட்டமாக வாழ்கின்றன. பெட்டைகள் தனிக்கூட்டம், சேவல்கள் தனிக்கூட்டம். அப்போது அவை நாடுவது ஓடைக்கரைகளில் வளரும் ஓக் மரங்களை. உதிர்ந்த கொட்டைகளைக் காலால் இலைச்சருகைக் கிளறித் தேடித் தின்கின்றன. இரவில் அடைவதும் பெரும்பாலும் அத்தகைய நீர்நிலையை ஒட்டிய முதிர்ந்த மரங்களில்தான். இளவேனிலில் கூட்டம் கலைகின்றது. சேவல் விடியுமுன்பே கிளையிலிருந்தபடி குரல் கொடுக்கும். அக்குரல் ஒரு கல் தொலைவுக்கும் கேட்கும். பின்னர் தரைக்கிறங்கித் திறந்த வெளியில் வாலை விரித்து நிற்கும். தலையின் தோல் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறும். மயிலைப் பார்த்து ஆட முயல்கின்றது என்று வான்கோழியை ஏளனம் செய்வது தமிழில் பழைய வழக்கம். அமெரிக்கக் காட்டிலோ மயில் இல்லை. இந்த ஆட்டம் அதற்கே உரியது. வேறொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. உடன்பிறந்த சேவல்கள் இரண்டு மூன்று சேர்ந்தே ஆடுவதுண்டு. ஆயின் அவற்றுள் ஒன்றே இணைசேரும், மற்றவை துணைநின்று திரும்பும். கலிபோர்னியாவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதனை மரபணுச் சோதனையால் உறுதிசெய்தது. தம்பி தனக்கென ஒன்றும் பெறாமலே அண்ணனுக்காக ஆடுகின்றான். ஆனால் அண்ணனின் குஞ்சுகளில் அவன் குருதியும் இருக்கின்றது.

இணைசேர்ந்தபின் சேவலுக்கு வேலையில்லை. கூடு, அடைகாத்தல், குஞ்சு வளர்த்தல் அனைத்தும் தாயின் பொறுப்பு. கூடு என்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் சருகை ஒதுக்கிய ஒரு சிறு குழி. நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டு, எல்லாம் இட்டு முடிந்த பின்பே தொடர்ந்து அமர்கின்றது. அதனால் குஞ்சுகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. அதற்கு 28 நாள்கள். அந்நாள்களில் தாய் இரைக்காகச் சிறிது நேரமே எழுகின்றது. ரக்கூன், ஓபோசம், பாம்பு, காகம் ஆகியவை முட்டைக்கு அலைகின்றன. கொயோட்டி என்னும் சிறு ஓநாயும், பாப்கேட் என்னும் காட்டுப்பூனையும், பெரிய ஆந்தையும் தாயையே கொல்ல வல்லவை. ஆகவே கூட்டுக்கு மறைவு வேண்டும். எரிந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆன இடங்களில், இடுப்பளவு புதரும் முதிர்ந்த புல்லும் கலந்து நிற்கும் பகுதியையே பெட்டைகள் பெரும்பாலும் தேர்கின்றன. அப்படியிருந்தும் பெரும்பான்மையான கூடுகள் குஞ்சு பொரிக்குமுன் அழிகின்றன. கூடு அழிந்த தாய் சில நாள்களுக்குப்பின் மீண்டும் ஒருமுறை முட்டையிட முயல்வதுண்டு.

குஞ்சு பொரித்தவுடன் தேவை முற்றிலும் மாறுகின்றது. இதனை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓரிரு நாள்களுக்குள் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூட்டை விட்டு நீங்குகின்றது. முதல் சில வாரங்களுக்குக் குஞ்சின் உணவு பெரும்பாலும் பூச்சிகளே. வெட்டுக்கிளியும் வண்டும் புழுவும் இல்லாவிட்டால் அதற்கு வளர்ச்சியில்லை. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் அதற்குப் பறக்கத் தெரியாது. இரவில் தாயின் சிறகடியில் தரையிலேயே கிடக்கும். ஈரமான குளிர் இரவு அதற்குக் கூற்றுவன். இறக்கும் குஞ்சுகளில் பெரும்பகுதி இறப்பது இந்த இரண்டு வாரங்களில்தான்.

ஆகவே தாய் தேடுவது ஒரு தனிவகை நிலம். புல் முழங்காலளவே இருக்கவேண்டும். தாய் தலைநிமிர்ந்தால் சுற்றிலும் தெரிய வேண்டும், குஞ்சு மட்டும் பிறர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. புல்லின் அடியிலோ, கற்றைக்கும் கற்றைக்கும் நடுவே வெறுந்தரை இருக்கவேண்டும். இல்லையேல் கைப்பிடியளவுள்ள குஞ்சு நடக்க இயலாது, சருகிலும் கொடியிலும் சிக்கிக்கொள்ளும். மேலே வெயில் வேண்டும். வெயில் இருந்தால்தான் தளிர், தளிர் இருந்தால்தான் பூச்சி. சென்ற ஆண்டு எரிந்த பைன் காட்டுத் தரை இவ்விலக்கணங்கள் அனைத்துக்கும் பொருந்துகின்றது. எரிந்து சில நாள்களிலேயே வான்கோழிகள் கரிந்த தரைக்கு வந்து, வெளிப்பட்ட விதைகளையும் இறந்த பூச்சிகளையும் பொறுக்குவதைக் காணலாம். சில வாரங்களில் தளிர் எழுகின்றது. அடுத்த ஆண்டு வேனிலில் அதுவே குஞ்சுகளின் தொட்டில்.

இப்போது வனம் பேணுவோரின் இக்கட்டு நமக்கு விளங்கும். குஞ்சு வளர்க்க அண்மையில் எரிந்த நிலம் வேண்டும். முட்டையிட எரிந்து இரண்டு மூன்று ஆண்டுகளான நிலம் வேண்டும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளான நிலமே மீண்டும் எரிக்கப்பட வேண்டிய முறையில் நிற்பது. எப்போது எரிப்பது என்பதில் இக்கட்டு இன்னும் கூர்மையாகின்றது. சனவரி முதல் மார்ச்சு வரை எரித்தால் கூட்டுக்குத் தீங்கில்லை. ஆனால் குளிர்காலத் தீ புதரின் மேற்பகுதியை மட்டும் கருக்கி, வேரை விட்டுவிடுகின்றது. புதர் மீண்டும் தழைக்கின்றது. மின்னல் தீ மூட்டும் இயற்கைப் பருவம் மே முதல் சூலை வரை. அப்பருவத் தீயே புதரை அடக்க வல்லது, கம்பிப்புல்லும் அத்தீக்குப் பின்னரே நன்கு பூத்து விதைக்கின்றது. அந்நாள்களிலோ காட்டில் எத்தனையோ தாய்மார் முட்டைமேல் அமர்ந்திருக்கின்றனர்.

வேட்டைக்காரர் பலர் கோடைத்தீயை எதிர்த்ததில் வியப்பில்லை. கருகிய முட்டைகள் கிடந்த ஒரு கூட்டைக் கண்டவர் அதனை மறப்பது அரிது. ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது கிடைத்த விடை சற்று ஆறுதலானது. வட கரோலினாவின் போர்ட் பிராக் படைத்தளத்தில் நீளிலைப் பைன் காடு நன்கு பேணப்படுகின்றது. படைத்தளத்தில் பறவை ஆய்வா என்று வாசகர் வியக்கலாம், ஆனால் உழவும் வீட்டுமனையும் புகாத பெருநிலம் அங்கேதான் எஞ்சியிருக்கின்றது. அங்கே கோடையில் எரித்துப் பெட்டைகளைத் தொடர்ந்து பார்த்தனர். மேட்டுக்காடும் தாழ்நிலமும் சந்திக்கும் புதர் விளிம்புகளிலேயே அவை பெரும்பாலும் கூடு வைத்தன. தீயால் அழிந்த கூடுகள் மிகச் சில. வேட்டை விலங்குகளால் அழிந்தவையே மிகுதி. எரிந்த கூட்டின் தாய் மறுமுறை முட்டையிட வாய்ப்புண்டு. தீயே இல்லாது புதர் மூடிய காட்டிலோ குஞ்சு பொரித்தாலும் அதனை வளர்க்க இடமில்லை. இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஏப்ரல், மே திங்கள்களில் தீப்பந்தத்தைக் கையிலெடுப்பவன் சற்றே தயங்குவானாயின், அத்தயக்கமும் வேண்டத்தக்கதே.

எரிக்கும் முறையையும் சொல்லிவிடுகின்றேன், ஏனெனில் இது மனம்போனபடி கொள்ளி வைப்பதன்று. முதலில் நிலத்தைச் சுற்றி மண்ணைக் கிளறித் தீத்தடுப்புக் கோடு போடுகின்றனர். ஓடையும் சாலையும் இயற்கைக் கோடுகளாக உதவுகின்றன. காற்றின் திசை, காற்றின் ஈரம், சருகின் ஈரம், புகை எந்த ஊர்ப்பக்கம் செல்லும் என்பன எல்லாம் கணிக்கப்பட்டு, மாநில அரசின் இசைவு பெறப்படுகின்றது. பின்னர், டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரியவிடும் கைப்பந்தத்தால், காற்றின் எதிர்முகமாக ஊருமாறு முதல் தீ வைக்கப்படுகின்றது. புளோரிடா மாநிலம் 1990இல் இதற்கென்றே சட்டமியற்றி, முறைப்படி பயிற்சி பெற்று எரிப்போருக்குப் பாதுகாப்பளித்தது. ஜார்ஜியாவில் இவ்வாறு எரிக்கப்படும் நிலம் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கருக்குக் குறைவதில்லை என்று கொள்ளலாம்.

பெருநிலங்களில் கைப்பந்தம் கட்டுப்படியாகாது. அங்கே ஹெலிகாப்டரிலிருந்து பிங்பாங் பந்தளவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளைத் தூவுகின்றனர். உள்ளே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுப் பொடி இருக்கும். விழுமுன் ஒரு திரவம் அதில் ஊசிவழி செலுத்தப்படுகின்றது. தரையைத் தொட்ட சிறிது நேரத்தில் தானே பற்றிக்கொள்கின்றது. ஒரே பகலில் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் எரித்துவிடலாம். ஆளும் பணமும் மிச்சம். வான்கோழியின் கணக்கு இங்கேதான் இடறுகின்றது. லூசியானாவின் கிசாச்சி தேசியக் காட்டில் பெட்டைகளின் நடமாட்டத்தைக் குறித்தபோது, எரிந்த பரப்பின் விளிம்புகளையே அவை நாடின; நடுவெளிக்கு அரிதாகவே சென்றன. காரணம் எளிது: ஓடி ஒளிய எரியாத புதர் எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். ஆயிரம் ஏக்கர் ஒன்றாக எரிந்தால், அதன் பெரும்பகுதி அப்பறவைக்கு அவ்வாண்டு பயனற்ற நிலம். அதையே சிறு சிறு துண்டுகளாக, ஒன்று இவ்வாண்டு, அதனை அடுத்தது மறு ஆண்டு என எரித்தால், கூட்டுக்குரிய புதரும் குஞ்சுக்குரிய தளிரும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பொரித்த குஞ்சுகள் நெடுந்தொலைவு நடந்து களைத்து இறக்க வேண்டியதில்லை. செலவு மட்டும் கூடும்.

காகிதத்துக்கும் பலகைக்கும் லாப்லாலி என்னும் வேறொரு பைனை வரிசை வரிசையாக நட்டு வளர்க்கும் நிலங்கள் இப்பகுதியில் மிகுதி. நட்ட முதல் சில ஆண்டுகள் புல்லும் செடியும் எழுவதால் வான்கோழி அங்கே வருகின்றது. ஆறேழு ஆண்டுகள் முதல் பத்தாண்டுகளுக்குள் கிளைகள் பின்னிக்கொள்ள, தரை இருண்டு ஊசிச்சருகு மட்டும் மிஞ்சும், பறவை வெளியேறிவிடும். பதினைந்து ஆண்டு அளவில் இடையிடையே மரங்களை வெட்டிக் கலைத்த பின், வெயில் விழுந்து, தீயும் இட்டால் மீண்டும் வருகின்றது. ஓடைக்கரை ஓக் மரங்களை வெட்டாது ஒரு பட்டையாக விட்டுவைத்தால் அதுவே அதன் நடைபாதையும் இரவு உறைவிடமும் ஆகின்றது. மரம் வளர்ப்பவனுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவன் மனம் வைப்பதில்தான் இருக்கின்றது.

இத்தனை கவலை ஏன் என்று கேட்கலாம். இப்பறவை ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. காடு வெட்டப்பட்டதாலும், வரையற்ற வேட்டையாலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தன் பழைய இருப்பிடமான 39 மாநிலங்களில் 18இல் அறவே இல்லாதொழிந்தது. 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் காட்டுயிர்ப் பணிக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர். தாய் கற்பிக்காத குஞ்சு காட்டில் பிழைக்கவில்லை, அப்பணம் வீணாயிற்று. 1950களின் தொடக்கத்தில், தென் கரோலினாவில், இரை தூவி வரவழைத்த காட்டுப் பறவைகள்மீது சிறு பீரங்கிகளால் வலையை எறிந்து பிடிக்கும் முறை வெற்றிகண்டது. பிடித்த பறவைகளை வெறுமையான காடுகளுக்குக் கொண்டுசென்று விட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் அவற்றின் தொகை 60 லட்சத்தைத் தாண்டிற்று. அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இன்று வான்கோழி உண்டு.

ஆயின் அதன்பின் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் தொகை மீண்டும் சரியத் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலம் 2022இல் வேட்டைப் பருவத்தைத் தள்ளித் தொடங்கியதுடன், ஒருவர் பருவமொன்றில் கொல்லத்தக்க சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகவும் குறைத்தது. சரிவுக்குக் காரணம் ஒன்றன்று. வேட்டை விலங்குகளின் பெருக்கம், இருப்பிட மாற்றம், நோய், வேட்டையின் காலம் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. முட்டையும் குஞ்சும் தப்பிப் பிழைப்பது குறைந்துவிட்டது என்பது மட்டும் எங்கும் காணப்படும் உண்மை. வேட்டையைக் குறைப்பதற்கு ஓர் ஆணை போதும். தாய்க்கு ஏற்ற நிலத்தை ஆக்கித் தருவதற்கோ, ஆண்டு தவறாமல் தீயும் கோடரியும் ஏந்தும் கைகள் வேண்டும். தென்கிழக்கில் காட்டின் பெரும்பகுதி தனியாரின் உடைமை. ஆகவே அந்தக் கைகள் சிறு நிலக்காரரின் கைகளாகவே இருக்கவேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் சூலை, ஆகஸ்டு திங்கள்களில் அம்மாநிலங்களின் அலுவலரும், நிலக்காரரும், ஆர்வமுள்ள பொதுமக்களும் கண்ணில் பட்ட பெட்டைகளையும் அவற்றின் பின்னே செல்லும் குஞ்சுகளையும் எண்ணிக் குறிக்கின்றனர். குஞ்சே இல்லாது தனித்துத் திரியும் பெட்டைகளும் அக்கணக்கில் சேர்க்கப்படும். பெட்டை ஒன்றுக்குச் சராசரி இரண்டு குஞ்சுகளாவது இருந்தால் கூட்டம் நிலைக்கும் என்பது பொதுக் கணிப்பு. ஓரிடத்துக் கணக்கு அதற்குக் கீழே இறங்கும்போது, அவ்விடத்துக் காட்டில் எந்தத் துண்டு எப்போது எரிந்தது என்ற பழைய குறிப்பேட்டை முதலில் எடுத்துப் பார்க்கின்றவர்கள் இன்று பெருகி வருகின்றனர்.